56 வயது வண்டிக்கு என்ன விலை?



அண்ணன் காலமான பிறகு ஹெரால்டு வண்டி என் பெயருக்கு மாறியது உங்களில் பலருக்குத் தெரியும். "சார், அதை என்ன செய்யப் போறீங்க?" என்று பலர் போனில் கேட்டீர்கள். விற்கவில்லை. வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் அதற்கு முழு இன்சூரன்ஸும் எடுத்துவிட்டேன். அதைச் சொன்னதும், "இவ்வளவு பழைய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் யாரு சார் தர்றாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். எழுதுவது கணக்கு வாத்தியார் என்பதால் நடுவில் கணக்கும் வரும். ஒரு காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வண்டியைப் பார்த்திராத இளையவர்களுக்கு முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் செய்த கார். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டியை, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர், ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய சாலையில் மூன்றாவதாக ஓடியது இதுதான். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு போகும் நம் ஆட்களுக்கு அது சரிப்படாது என்று, 1968இல் இங்கே நான்கு கதவு வைத்த மாடல் வந்தது. எங்கள் வண்டி அந்த மாடல், 1969இல் செய்தது. 80களின் கடைசியில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது.

அண்ணன் பஞ்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். உடுமலைப்பேட்டையில் ஒரு டாக்டரிடமிருந்து 1978இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்து வண்டி மட்டுமல்ல, ஊர் வண்டியும்தான். பிரசவத்துக்குப் போயிருக்கிறது, பெண் அழைக்கப் போயிருக்கிறது. பஸ் வராத ஒரு பரீட்சைக் காலையில் உங்களில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்கும் போயிருக்கிறது. அந்த ஏழு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் இன்று டாக்டர்கள். ஒருவன் மட்டும் கணக்கில் 38 வாங்கினான். அதற்கு வண்டி பொறுப்பல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி என் பெயருக்கு மாறியதும், அண்ணன் வைத்திருந்த பாலிசியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தது. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் கொடுப்பது அது. மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் அது கட்டாயம். நம் வண்டிக்கு ஏதாவது ஆனால் அதில் ஒரு பைசா வராது. அண்ணன் இருந்தவரை அதுவே போதுமானதாக இருந்தது. ஏனென்றால் என்ன உடைந்தாலும் அவரே ஸ்பேனர் எடுப்பார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, சாக்பீஸ்தான் தெரியும். அதனால் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து முழு பாலிசி எடுப்பது என்று அண்ணியும் நானும் முடிவு செய்தோம்.

எடுக்கும் முன்பே என் நண்பர் ஒருவருக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1982 பத்மினி வைத்திருக்கிறார். முழு இன்சூரன்ஸ்தான் போட்டிருந்தார். ஒருநாள் ஒரு சரக்கு வேன் பின்னால் வந்து முன்பக்கத்தில் இடித்துவிட்டது. பம்பர், ஒரு ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போயிற்று. பட்டறையில் 31,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் போனார். அங்கே, "உங்க வண்டி டோட்டல் லாஸ்" என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டி ஓடுகிறது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, ஆனால் காகிதத்தில் செத்துவிட்டது. எப்படி என்று கேட்கிறீர்களா? இங்கேதான் முதல் கணக்கு.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஓர் எண் இருக்கும். வண்டியின் மதிப்பாக நாமும் கம்பெனியும் ஏற்றுக்கொண்ட தொகை அது. வண்டி திருடு போனாலோ முழுதாக அழிந்தாலோ கிடைக்கும் உச்சத் தொகையும் அதுவே. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இன்னொரு விதி அதே பாலிசியில் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை முழு இழப்பாகவே கருதலாம். என் நண்பரின் பாலிசியில் ஐ.டி.வி. 22,000 ரூபாய். அதில் 75 சதவீதம் 16,500. எஸ்டிமேட் 31,000. முடிந்தது கதை.

வண்டியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தால், கட்டாயப் பிடித்தம் 1,000 போக 21,000 தருவார்கள். வண்டி வேண்டுமென்றால் அதன் கழிவு விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். அவர் வண்டியை வைத்துக்கொண்டு, கையிலிருந்து போட்டுச் சரிசெய்தார். "ஒரு பேரன் தலையில அடிபட்டதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா, இவன் விலை இவ்வளவுதான், வைத்தியம் பார்த்தா கட்டுப்படியாகாதுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு சார்" என்றார். தமிழாசிரியர் அல்லவா, உவமை அப்படித்தான் வரும்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பழைய வண்டிக்கு ஐ.டி.வி. குறைவாக இருந்தால், திருடு போகும் நாளில் பணம் குறையும் என்பதோடு அது முடிவதில்லை. ஒரு சின்ன இடி இடித்தாலே வண்டி கையை விட்டுப் போகலாம். ஹெரால்டில் இது இன்னும் மோசம். அதன் பானட்டும் இரண்டு பக்க ஃபெண்டர்களும் ஒரே துண்டு. முன்பக்கமாகச் சாய்த்து மொத்தமாகத் திறக்க வேண்டும். எஞ்சின் வேலைக்கு அதைவிடச் சௌகரியம் வேறு கிடையாது. ஆனால் ஓரத்தில் ஒரு ஆட்டோ உரசினாலும் அடிபடுவது முழு மூஞ்சி. புது பானட் கடையில் கிடையாது. தகடு தட்டுகிற டிங்கர்தான் கையால் தட்டி எடுக்க வேண்டும்.

எனவே நான் கவனிக்க வேண்டியது பிரீமியத்தை அல்ல, ஐ.டி.வி.யை என்பது தெளிவாயிற்று.

முதலில் பேத்தியை உட்காரவைத்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். கம்பெனி பெயர்ப் பட்டியலில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே இல்லை. "தாத்தா, இப்படி ஒரு காரே இல்லைன்னு சொல்லுது" என்றாள். காரின் மேல் சாய்ந்துகொண்டுதான் சொன்னாள்.

அடுத்த நாள் இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கே ஓர் இளைஞர். நல்ல பிள்ளை, எழுந்து நின்று நாற்காலி போட்டார். விவரம் கேட்டதும் சிரித்தார்.

"சார், 69 மாடலுங்களா? இதுக்கெல்லாம் யாருங்க ஃபுல் இன்சூரன்ஸ் போடறாங்க? தேர்டு பார்ட்டி போட்டுட்டுப் போங்க சார்."

"ஃபுல்லாத்தான் வேணும் தம்பி."

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "20,000 ரூபாய்க்கு வேணா ஐ.டி.வி. வைக்கலாங்க. அதுக்கு மேல சிஸ்டம் எடுக்காது" என்றார்.

"அந்த 20,000 எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க?"

"வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போம் சார். அப்படிக் கழிச்சுக் கழிச்சு வர்றதுதான்."

பதில் மாணவனுடையது என்றால் வாத்தியார் சும்மா இருப்பாரா? தேய்மான அட்டவணையை நான் முந்தின இரவே எழுதி எடுத்துப் போயிருந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், மனப்பாடம் செய்யச் சுலபம். வண்டி வாங்கி 6 மாதம் வரை 5 சதவீதம் கழிவு. ஒரு வருடம் வரை 15. இரண்டு வருடம் வரை 20. மூன்று வரை 30. நான்கு வரை 40. ஐந்து வரை 50. அந்த மாடல் புதிதாக இன்று விற்கும் விலையிலிருந்து இதைக் கழித்தால் ஐ.டி.வி.

ஐந்து வருடத்தோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. ஆறாவது வருடத்துக்கு அதில் எண் கிடையாது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும், காப்பீடு தருபவரும் எடுப்பவரும் பேசி ஒத்துக்கொள்ளும் மதிப்பே ஐ.டி.வி. என்பதுதான் விதி. 2002இல் வந்த மோட்டார் கட்டண விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. இன்றும் பாலிசிகளில் அந்த வாசகமே வருகிறது. என் வண்டி இரண்டு வகையிலும் வரும். வயதும் தாண்டிவிட்டது, தயாரிப்பும் நின்றுவிட்டது.

"தம்பி, வருஷத்துக்குப் பத்து சதவீதம்னு நீங்க கழிச்சுட்டே போனா, பத்தாவது வருஷமே பூஜ்யம் வந்துரும். 56ஆவது வருஷத்துல இந்த வண்டியை வச்சிருக்கறதுக்கு நான்தான் கம்பெனிக்குப் பணம் கட்டணும்" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். ஆனால் அந்தத் தம்பி பாலிசி வாசகத்தைத் திரும்ப எடுத்து நிதானமாகப் படித்தார். படித்தபின் நேர்மையாகவே சொன்னார். "சரிதாங்க சார். பேசித்தான் வைக்கணும். ஆனா நீங்க சொல்ற தொகைக்கு நான் மேலே என்ன காரணம் எழுதறது? உங்க அண்ணன் வண்டிங்கறதால நீங்க அதிகம் கேக்கறீங்கன்னு சொல்லிருவாங்க."

அது நியாயமான கேள்வி. எனக்கு அதில் கோபம் வரவில்லை. அன்றிரவு நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணியும் அன்று சாப்பிடும்போது, "அவரு போனாரு. இதுவும் போயிரக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அவருக்கு அந்த வண்டியின் விலை என்ன என்று யார் எழுத முடியும்? எந்தக் கம்பெனியாலும் முடியாது, எழுதவும் கூடாது. அந்த வண்டியில் அண்ணன் கை பட்டிருக்கிறது என்பதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஆனால் அந்தக் கை என்ன வேலை செய்தது என்பதற்கு உண்டு. புதிதாகப் போட்ட தகடு, ரீபோரிங் செய்த எஞ்சின், இவையெல்லாம் உணர்ச்சி அல்ல. யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் போய்ச் சொன்னேன். "அண்ணனுக்காக நான் ஒரு ரூபாயும் கேக்கலைங்க தம்பி. இந்த வண்டி நாளைக்குக் காணாமப் போச்சுன்னா, இதே மாதிரி ஓடற நிலைமையில இன்னொண்ணு வாங்க எவ்வளவு ஆகும்? அதை மட்டும் ஒரு தெரிஞ்ச ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

ஒத்துக்கொண்டார். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் வந்து பார்ப்பார், அவர் அறிக்கையோடு கோப்பு மேலிடம் போகும் என்று முடிவாயிற்று. இதுவரை சொந்தச் சேதக் காப்பீடு இல்லாத வண்டி என்பதால், பாலிசி தருமுன் எப்படியும் வண்டியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சர்வேயர் வரும் முன் ஒரு கோப்பு தயார் செய்தேன். அதில் வைத்தவை: ஆர்.சி. புத்தகமும், கடைசியாக எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்த சான்றும். வண்டியை நாலா பக்கமும், உள்ளேயும், அடியிலும் எடுத்த 24 படங்கள். அந்தத் தேதியில் கிலோமீட்டர் மீட்டர் காட்டும் படம். விற்பனைக்கு வந்திருந்த மூன்று ஹெரால்டுகளின் விவரம். ஒருவர் 1,60,000 கேட்டார், ஒருவர் 2,40,000, ஒருவர் 3,80,000. மூவரோடும் பேசி, வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, காகிதம் சுத்தமா என்று குறித்துக்கொண்டேன். பட்டறைக்காரரிடம், பானட்டும் முன் சஸ்பென்ஷனும் அடிபட்டால் இன்று சரிசெய்ய என்ன ஆகும் என்று ஓர் எஸ்டிமேட் வாங்கினேன். 58,000 என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக அண்ணனின் நோட்டு. ரெக்ஸின் அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு, டேஷ்போர்டு அறையில் கிடந்தது. 1978இலிருந்து பெட்ரோல், ஆயில், டயர், பேட்டரி, ரிப்பேர் எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறார். பில் இருந்தால் அந்தப் பக்கத்திலேயே குண்டூசி குத்தி வைத்திருக்கிறார். பாதிக் குண்டூசிகள் துருப்பிடித்துப் பக்கத்தில் பழுப்பு வட்டம் விட்டிருந்தன. கடைசிப் பதிவு அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால். "பின் இடது டயர் காற்று இறங்குகிறது. வால்வு பார்க்கவும்." பார்த்தேன். வால்வுதான்.

சர்வேயர் ஒரு சனிக்கிழமை வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், அதிகம் பேசாதவர். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ். அதன் மேல்தான் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அதனால் சேசிஸின் பக்கக் கைகளில் துரு இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். அப்புறம் துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவு, ஃபெண்டர் எல்லாம் நகர்த்திக்கொண்டே போனார். உள்ளே தகடு இருந்தால் ஒட்டும், புட்டி அடைத்திருந்தால் ஒட்டாது. இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. குறித்துக்கொண்டார். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்தார். நாம் சின்ன வயதில் நாணயத்தைத் தேய்த்துப் படம் எடுப்போமே, அதே வித்தை.

பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டைனமோ இல்லைங்களே, மாருதி ஆல்டர்னேட்டர் போட்டிருக்கு" என்றார்.

"அண்ணன் போட்டதுங்க. ராத்திரியில லைட் மங்குதுன்னு."

"ஓட்டறதுக்கு நல்லது. ஒரிஜினல் தேடறவன் விலையைக் குறைப்பான்."

பிறகு திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கினார். முக்கால் மணி நேரம் படித்தார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போயிற்று. பழைய வண்டிக்கு இப்படி ஒரு கணக்கு தன் தொழிலில் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பதாகச் சொன்னார். அண்ணி உள்ளே போய்விட்டார். ஏன் போனார் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் மனதில் வைத்திருந்த எண் மூன்று லட்சம். சொன்னேன். அதற்கு அவர் சொன்னதைப் பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

"கேக்கற விலை வேற, கைமாறற விலை வேறங்க சார். அந்த 3,80,000 வண்டி எட்டு மாசமா விக்காம நிக்குது, நானும் பார்த்துட்டுதான் இருக்கேன். அப்புறம், உங்க அண்ணன் இதுக்குப் போட்ட பணத்தையெல்லாம் கூட்டினா வர்றது செலவு, விலை இல்லை. பல வண்டிக்கு விலையை விட ஜாஸ்தி செலவு பண்ணியிருப்பாங்க. ஆனா இந்த நோட்டு இருக்கறதால உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுது. அதனால சந்தேகத்துக்குன்னு நான் எதுவும் கழிக்க வேண்டியதில்லை."

2,75,000 என்று எழுதினார். காரணங்களையும் வரிசையாக எழுதினார். சேசிஸ் நல்ல நிலை, எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்துகிறது, பராமரிப்புப் பதிவு தொடர்ச்சியாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர், இரண்டு இடப் புட்டி, பிற்காலத்து சீட் கவர், இவற்றுக்குக் கழிவு. நான் பேரம் பேசவில்லை. காரணம் காட்டிக் கழித்த மார்க்குக்கு நான் என்றைக்கும் ரீடோட்டல் கேட்டதில்லை, உங்களுக்கும் கொடுத்ததில்லை. தவிர, அதிகமாக எழுதி வைத்த எண்ணை நல்ல நாளில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கிளைம் வரும் நாளில்தான் கேட்பார்கள்.

மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. 1969 வண்டிக்கு 2,75,000 ஏன்? அந்தத் தம்பி சர்வேயர் அறிக்கையை அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் ஒப்புதல் வந்தது.

இப்போது இரண்டாவது கணக்கு. 75 சதவீதம் இனி 2,06,250. பட்டறைக்காரர் சொன்ன 58,000 ரூபாய் ரிப்பேர் அதற்கு வெகு கீழே. அதாவது ஒரு வேன் வந்து இடித்தால், வண்டி பட்டறைக்குத்தான் போகும், காயலான் கடைக்குப் போகாது. 20,000 ஐ.டி.வி.யாக இருந்திருந்தால் வரம்பு 15,000. அண்ணி பயந்தது அதைத்தான். அந்த விதி அவருக்குத் தெரியாது, ஆனால் பயம் சரியான பயம்.

இதற்கு என்ன விலை கொடுத்தேன்? சொந்தச் சேதப் பகுதிக்கு, 20,000 வைத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட வருடத்துக்குச் சுமார் 6,500 ரூபாய் அதிகம். நாளுக்கு 18 ரூபாய். மூன்றாம் நபர் பிரீமியத்துக்கும் ஐ.டி.வி.க்கும் தொடர்பில்லை. அது சி.சி. கணக்கு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதப்படி 1,000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய்.

சிலர் கேட்டீர்கள், "வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே சார்?" என்று. நல்ல கேள்வி. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டி, மூல உருவம் பெரிதாக மாறாமல் இருக்கும் வண்டியை அப்படிப் பதியலாம். பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிக்க, இப்படித்தான் வெளியே எடுக்கலாம். எங்கள் வண்டி செவ்வாய்தோறும் அண்ணியைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறது. தேங்காய் மூட்டையோடு போவதை ராலி என்று எந்த போலீஸ்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் சாதாரணப் பதிவிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொரு சந்தேகமும் தீர்த்துவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் 'அக்ரீட் வேல்யூ' பாலிசி என்று சொல்வீர்கள். இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு அது சாதாரணம். மதிப்பை முன்பே ஒத்துக்கொண்டு, முழு இழப்பு என்றால் அந்தத் தொகையைத் தேய்மானம் கழிக்காமல் தருவது. நம் கட்டண விதிகள் அந்தப் பெயரில் பாலிசி தர அனுமதித்தது 1940 முடிவதற்குள் செய்து, சான்று பெற்ற வின்டேஜ் கார்களுக்கு மட்டும். நம் ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் எல்லாம் அதற்குள் வராது. ஆனால் பேசி வைத்த ஐ.டி.வி.யை, பாலிசிக் காலம் முழுவதும் முழு இழப்புக்கு அப்படியே சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், நடுவில் மேலும் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு வருடத்துக்கு அது ஒத்துக்கொண்ட மதிப்புதான். ஒரு வருடத்துக்கு மட்டும் என்பதை மறக்காதீர்கள். அடுத்த புதுப்பித்தலில் கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணைக் குறைத்துப் போடலாம். கட்டுமுன் பார்க்க வேண்டியது நம் வேலை.

முழுக் காப்பீடு எடுத்தாலும் எல்லாம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயது தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகம் மாற்றினால் விலையில் பாதி கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஆனால் இந்த மாதிரி வண்டியில் பாகத்தின் விலை கொஞ்சம், டிங்கர் கூலிதான் அதிகம். தேய்மானம் பாகத்துக்குத்தான், கூலிக்கு அல்ல. அந்த வகையில் பழைய வண்டிக்கு ஒரு சின்ன அனுகூலம்.

உங்களில் பலர் வீட்டில் அப்பாவின் அம்பாசிடரோ, மாமாவின் பத்மினியோ, ஒரு ஜாவாவோ ராஜ்தூத்தோ நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இன்றே பாலிசியை எடுத்து ஐ.டி.வி. எண்ணைப் பாருங்கள். அதை முக்காலால் பெருக்குங்கள். ஒரு சாதாரண இடிக்கு உங்கள் பட்டறையில் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள். படம், பில், ஒப்பீட்டு விலை, பட்டறை எஸ்டிமேட் கொண்டுபோங்கள். சர்வேயர் வந்தால் குறையை மறைக்காதீர்கள், அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். ஒப்புக்கொண்ட தொகை பாலிசித் தாளில் அச்சாகி வந்திருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

முக்கியமாக, "சிஸ்டம் எடுக்காது" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம். அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பதும் யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்த பிள்ளைதான். பேசித் தீர்மானிக்கலாம் என்று விதியே சொல்லும்போது, பேசுவதற்கு நாம் போக வேண்டும். காரணத்தோடு போக வேண்டும்.

அண்ணனின் நோட்டில் இப்போது நான் எழுதி வருகிறேன். என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் அளவுக்குச் சுருக்கமாக எழுத வரவில்லை. இந்தப் பதிவைப் படித்த உங்களுக்கே அது புரிந்திருக்கும்.

ஏதாவது சந்தேகம் இருந்தால் மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், சந்தை நாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்